பன்னிரண்டில் ஆறு

"மலை தீபம் பாக்க உன் மாடிக்கே வந்துடறோம்யா. நாங்க அஞ்சு பேர்," என்றார் தலைமை எழுத்தர் கோதண்டராமன்.

சகாதேவன் தலையாட்டிவிட்டான். திருப்பத்தூருக்குப் போகச் சொல்லி அவனுக்கு வந்திருந்த மாற்றல் உத்தரவு நிற்பதும் நடப்பதும் அவர் பேனாவில் இருந்தது.

"நயா பைசா வந்து ஊரே கணக்கு கத்துக்கிச்சு. நீ இன்னும் ஒன்பதில் மூணுன்னு எழுதறே. சுருக்கித் தொலைய்யா," என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டிலோ மாடி ஏற்கெனவே போயிருந்தது. முக்கால் மாடி மச்சான் ராஜமாணிக்கத்துக்கு. மீதிக் கால் மாடியில் போளூரிலிருந்து வந்த மாமியார் வீட்டார் பாய் விரித்துவிட்டார்கள்.

"உன் முக்கால்ல கொஞ்சம் விடு மச்சான்."

"இருந்தா தரமாட்டேனா மாமா? அதுல மூணுல ரெண்டு பங்கை தோஸ்து அருணகிரிக்குக் கொடுத்துட்டேன். மீதி என் ஆளுங்களுக்கே கம்மி."

முக்காலில் மூன்றில் இரண்டு. அப்படியென்றால் எவ்வளவு? தெரிந்துகொள்ளாமல் சகாதேவனுக்குச் சோறு இறங்கவில்லை. சுவரில் கரியால் பெருக்கினான். மேலே ஆறு, கீழே பன்னிரண்டு. பன்னிரண்டில் ஆறு. பெருக்கியும் மாடி குறைகிறதே என்று வியந்தான். அதோடு விட்டுவிட்டான்.

"சுவத்துல என்ன கிறுக்கல்?" என்றாள் மனைவி சந்திரகலா. "தம்பிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டீங்கன்னா, நானும் போளூர் பஸ் ஏறிடுவேன்."

மறுநாள் கோதண்டராமனிடம், "என் மாடியில தென்னமரம் மறைக்குது சார். வேற நல்ல மாடியா பாத்துடறேன்," என்றான்.

"மலை தெரியலைன்னா திருப்பத்தூர்தான்."

பூக்காரி வெள்ளையம்மாள் கைகொடுத்தாள். "ஒருத்தர் கைவசம் அரை மாடி இருக்குது சாமி. அதுல பாதி தராராம். ஒரு மூட்டை வேர்க்கடலை கேக்கறாரு."

பாதியில் பாதி, கால் மாடி. ஐந்து பேருக்குத் தாராளம். சந்திரகலாவுக்குத் தெரியாமல் கடலை மூட்டை கைமாறியது.

"யார் வீடு?"

"அது எதுக்கு சாமி? மலை மூஞ்சிக்கு நேரா தெரியும்."

யாராக இருப்பார் அந்த அரை மாடிக்காரர்? தீபத்தன்று மாலை கூட்டத்தில் இடிபடும்போதும் சகாதேவனுக்கு அதே யோசனை. தலையில் கோதண்டராமன் வீட்டு ஜமுக்காளச் சுருட்டு. அது சரிந்து கண்ணை மறைத்தது. முன்னால் போன பூக்கூடையின் வாசனையைப் பிடித்துக்கொண்டு சந்து சந்தாக நடந்தான். பின்னால் கோதண்டராமன் குடும்பம்.

ஒரு கொல்லைக் கதவருகே வாசனை நின்றது.

"அடடே, ஒரு மரம்கூட மறைக்கலை," என்றார் கோதண்டராமன் அண்ணாந்து பார்த்து. "கெட்டிக்காரன்யா நீ. மாற்றலை மறந்துடு."

சகாதேவன் பூரித்துப்போய்ச் சுருட்டைக் கீழே இறக்கினான்.

வெள்ளையம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "சத்தம் போடாம ஏறுங்க சாமி. இடம் கொடுத்த அருணகிரி கண்டிஷனா சொல்லியிருக்காரு. வீட்டுக்காரர் சகாதேவன்னு ஒருத்தராம், பொல்லாத மனுஷனாம். அவர் திரும்பி வர்றதுக்குள்ள ஏறிடணும்."