மனுதாரர் காளியாத்தாள், எதிர்மனுதாரர் காளியாத்தாள்

கிராமப்புற மகளிரின் வாழ்வாதாரத்தை மேம்படுத்தும் பொருட்டு, கல்லாங்காட்டுப்புதூர் காளியாத்தாளுக்கு ஐந்து பெட்டைக் கோழிகளும் ஒரு சேவலும் விலையில்லாமல் வழங்கப்பட்டன. ராசிபுரத்தில் பந்தல் போட்டு, வரிசையில் நிற்க வைத்து, கூண்டோடு போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். போட்டோவில் காளியாத்தாள் சிரித்துக்கொண்டிருந்தாள். சேவல் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெட்டைகளால் ஒரு தொந்தரவும் இல்லை. சேவல்தான் மூன்றாம் நாள் கொத்த ஆரம்பித்தது. வாசலுக்கு யார் வந்தாலும் கொத்தும். வாசலிலேயே இருப்பவள் என்பதால் காளியாத்தாளுக்குப் பங்கு அதிகம். விடியற்காலையில் அவள் சொம்போடு மாட்டுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தால், பின்னால் வந்து இடுப்பில் ஒரு போடு போடும். அவள் துள்ளுவாள். மாடு உதைக்கும். பால் தரையில் ஓடும். பத்து நாளில், சேவல் கூவினாலே பாலை அடக்கிக்கொள்ள மாடு பழகிவிட்டது.

புருசன் சின்னுசாமி ரிக் வண்டியில் ஊர் ஊராக ஆழ்குழாய்க் கிணறு போட்டுவிட்டு வந்தவர். எதையும் நேராகச் செய்து முடிப்பவர்.

"புடிச்சுக் கொழம்பு வெச்சுப்போட்டாத் தீந்துது" என்றார்.

"ஏழாவது நிபந்தனையப் படிச்சுப்போட்டுப் பேசுங்க" என்றாள் காளியாத்தாள்.

ஏழாவது நிபந்தனை தெளிவாக இருந்தது. பயனாளி மேற்படி கோழிகளை ஓராண்டு காலத்திற்கு விற்கவோ, அறுக்கவோ, பிறருக்கு அளிக்கவோ கூடாது. மீறுவோர் வேறெந்த அரசுத் திட்டத்திற்கும் தகுதியற்றவர் ஆவர்.

"ஊடு கட்டற லிஸ்டுல நாலாவதா நம்ம பேரு இருக்குதுங்க. ஒரு கொழம்புக்காக ஊட்டை உடறதா?"

சின்னுசாமி அண்ணாந்து பார்த்தார். ஓட்டுச் சந்தில் வானம் தெரிந்தது. தம் ரிக் பூட்ஸை எடுத்து அவளிடம் கொடுத்தார். அன்றிலிருந்து சேவல் பூட்ஸுக்கு மேலே கொத்தியது.

காளியாத்தாள் சேவலைக் கூடையில் போட்டு மூடிக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனாள். டாக்டர் தனப்பிரியா நல்ல மாதிரி. றெக்கையை விரித்துப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், எடை போட்டார்.

"சேவலுக்கு ஒரு குறையும் இல்லீங்கம்மா. இத்தனை தெம்பாக் கொத்துதுன்னா நல்ல ஆரோக்கியம்னு அர்த்தம்."

"எனக்குத்தானுங்க ஆரோக்கியம் கெட்டுப்போச்சு."

"அது எங்க துறை இல்லீங்களே."

சேவல் பூரண நலத்துடன் இருப்பதாக ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். காளியாத்தாள் அதையும் இணைத்து, குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தாள். மனு மூன்று மேசைகளைச் சுற்றியது. மூன்றாவது மேசைக்காரர் "பிராணியால் மனிதருக்குக் காயம்" என்ற வரியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, பிராணியின் உரிமையாளர் மீது உரிய நடவடிக்கை எடுக்கும்படி போலீசுக்கு அனுப்பிவைத்தார்.

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்த ஏட்டு வின்சென்ட் சேலம் சூரமங்கலத்துக்காரர். யாரையும் அதட்டிப் பேசமாட்டார்.

"எதிர்மனுதாரர் வந்திருக்காங்களா?"

"நான்தானுங்க."

"நீங்க மனுதாரர்."

"ஆமாங்க. சேவலும் என்ர சேவல்தானுங்க."

வின்சென்ட் காகிதத்தை இரண்டு முறை படித்தார். "ரெண்டு தரப்பையும் நேர்ல விசாரிச்சு அறிக்கை அனுப்புன்னு எழுதியிருக்கு. ஒரு ஆள்தான் வந்தாங்கன்னு நான் எப்படிப் பதில் எழுதறது?"

"அப்ப நான் எந்திரிச்சு அந்தப் பக்கம் உக்காந்துக்கட்டுங்களா?"

யோசித்துப் பார்த்தால் அதுதான் முறையாகத் தெரிந்தது. இடது நாற்காலியில் உட்கார்ந்து, எங்கெங்கே கொத்து விழுந்தது என்று சொன்னாள். பிறகு வலது நாற்காலிக்குப் போனாள்.

"சேவலை ஏம்மா அடக்கி வைக்கல?"

"அடக்கப் போனாக் கொத்துதுங்க."

"மனுதாரர் மேல உங்களுக்கு முன்விரோதம் ஏதாவது?"

காளியாத்தாள் எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். "இல்லீங்க. பாவம், நல்ல பொம்பளைதானுங்க."

இனி இவ்வாறு நடக்காது என்று எதிர்மனுதாரர் உறுதியளித்ததை மனுதாரர் முழு மனதுடன் ஏற்றுக்கொண்டதால் இரு தரப்பும் சமாதானமாகப் போயின. இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மறுநாள் காலை சேவல் முழங்கையில் கொத்தியது.

"எம் பேச்ச நம்பி நானே மோசம் போயிட்டனுங்க" என்றாள் சின்னுசாமியிடம்.

மறுபடி மனு போட்டால் எதிர்மனுதாரர் மேல் வழக்குப் பதிய வேண்டிவரும், வழக்கு இருந்தால் வீட்டு லிஸ்டில் பேர் நிற்காது என்று வின்சென்ட் பக்குவமாக எடுத்துச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே அவள் பொறுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம், திட்டத்தின் முன்னேற்றத்தை நேரில் ஆய்வு செய்ய அதிகாரி தீனதயாளன் ஜீப்பில் வந்தார். பயனாளியும் பறவையும் ஒரே படத்தில் வரவேண்டும் என்று குனிந்து போனை நீட்டினார். சேவல் கெண்டைக்காலைப் பிடித்தது. அவர் ஜீப்பை மூன்று சுற்றுச் சுற்றி ஓடினார். நான்காவது சுற்றில் டிரைவர் கதவைத் திறந்துவிட்டார்.

ஆய்வுப் படிவத்தில் அதிகாரி ஓடியதை எழுத இடம் இல்லை. இருந்த கட்டங்களை அவர் நேர்மையாக நிரப்பினார். பறவையின் ஊக்கம்: மிக நன்று. பயனாளியின் மனநிறைவு: நன்று. படிவத்தைப் படித்த மேலதிகாரிகள் மகிழ்ந்து, இதே வம்சத்தில் குஞ்சு பொரித்து ஊர் முழுக்க வழங்க உத்தரவிட்டார்கள்.

ஊரும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. ஜீப் போனதிலிருந்து எந்த அதிகாரியும் தெருவுக்குள் கால் வைக்கவில்லை. திருட்டுக் கரண்டு பார்க்க வருபவர் வரவில்லை. பொதுப் பாதைக்குள் மூன்றடி நீட்டி மாட்டுக் கொட்டகை போட்டிருந்த பக்கத்து வீட்டு ஆத்தாயி, அளக்க வந்த சர்வேயர் தெருமுனையோடு திரும்பியதைக் கண்ணால் பார்த்தாள்.

"சேவலாடி அது? கொலசாமி" என்றாள். "எனக்கும் ஒண்ணு கெடைக்கட்டும்."

"உன்னையுங் கொத்துமே" என்றாள் காளியாத்தாள்.

"கொத்துனாக் கொத்தட்டும். கொட்டாய் நிக்குமில்ல?"

ஆறேழு மாதத்தில் வீட்டுக்கு ஒரு சேவல் வந்து வளர்ந்து நின்றது. எல்லாரும் கையில் குச்சியோடு நடமாடினார்கள். தபால்காரர் கடிதங்களை பஸ் ஸ்டாப் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போனார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த சொந்தக்காரர்கள் தெருமுனையில் நின்று போனில் அழைத்தார்கள். இருந்தாலும் ஊர் நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் வீடு கட்ட இடம் அளக்கும் குழு வந்தது. தெருமுனையில் நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தது. "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதிக்கொண்டு திரும்பியது. அந்த நேரத்தில் காளியாத்தாள் தன் வாசலில், கட்டில் மேல் ஏறி நின்று, "இங்க இருக்கறனுங்க, இங்கதானுங்க" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலைச் சுற்றிச் சேவல் நடந்துகொண்டிருந்தது. லிஸ்டில் நாலாவது பேரை அடித்துவிட்டார்கள். அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

அந்தக் குழுவே விசாரிக்க வேண்டியிருந்த ஆத்தாயியின் முதியோர் பென்ஷன் மனுவும் "மனுதாரர் இல்லை" என்று திரும்பியிருந்தது. இன்னும் பதினாறு வீட்டுக்காரர்களுக்கு இப்படி ஏதோ ஒன்று. அதிகாரிகள் எங்கள் ஊருக்கு வருவதே இல்லை, இது என்ன அநியாயம் என்று கூடிப் பேசி, நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு, குறைதீர்க்கும் நாளன்று பஸ் ஏறினார்கள்.

மனு வாங்கும் அலுவலக வாசலில், வேப்பமரத்தடியில், ஒரு சேவல் நின்றது. கால் கட்டவில்லை. பொதுமக்கள் வருகையை ஒழுங்குபடுத்தும் பொருட்டு இதே வம்சத்தில் ஒரு பறவையை வாசலில் பராமரிக்கலாம் என்று தீனதயாளன் கோப்பு எழுதி, ஒப்புதல் வாங்கியிருந்தார்.

"நீதான் பழகுனவ, முன்னால போ" என்றாள் ஆத்தாயி.

காளியாத்தாள் மனுவை இடுப்பில் செருகிக்கொண்டு நாலு எட்டு வைத்தாள். சேவல் தலையைச் சாய்த்துப் பார்த்தது. அவள் நாலு எட்டும் பின்னால் வந்தாள். நாற்பது பேரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடி மூன்று மணி வரை பார்த்துவிட்டு, பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார்கள்.

அன்று மாலை பதிவேட்டில் எழுதினார்கள்: கல்லாங்காட்டுப்புதூரிலிருந்து குறைகள் எதுவும் வரப்பெறவில்லை.