ஒரு மைல்தான் என்று நினைத்தேன்

கிரின்ஸ்டெட், டென்மார்க்
யூலை 14, செவ்வாய்

அன்பும் மரியாதையும் உள்ள பெரியண்ணைக்கு,

தம்பி சண்முகலிங்கம் எழுதிக்கொள்வது. நானும் தவமணியும் சுகம், என் வலது காலில் இரண்டு விரல்கள் நீங்கலாக. உங்கள் சுகமும் அண்ணியின் சுகமும் அறிய ஆவல். இதை ரெலிபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் மெதுவாகக் கதைத்தால் தவமணி அடுப்பை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். இங்கே சிவப்புத் தபால் பெட்டிகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

விஷயம் நம் மகள் துஷாரா. பிராண்டேயில் காற்றாலை அலுவலகத்தில் ஆறு வருடம் செய்த எஞ்சினியர் வேலைக்கு விலகல் கடிதம் கொடுத்துவிட்டு, காட்டிலும் மணலிலும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடக்கும் வழிகாட்டி வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள். விலகல் கடிதத்தை இந்த மாத முடிவுக்குள் திரும்ப வாங்கலாம் என்று பழைய மேலாளர் சொல்லியிருக்கிறார். நான் சொன்னால் அவளிடமிருந்து டெனிஷில் பதில் வருகிறது. நீங்கள் சொன்னால் தமிழில் கேட்பாள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ரெலிபோன் எடுத்து, அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கச் சொல்லவேண்டும். ஏன் என்பதற்குப் போன சனிக்கிழமை நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

அன்று அவளுக்குப் பரீட்சை. பதினான்கு பேரை வடக்கே உள்ள மணல்வெளியில் நடத்திக் காட்டவேண்டும், ஓர் அதிகாரி அம்மா கூடவே நடந்து புள்ளி போடுவார். பெற்றோரும் வரலாம் என்று துஷாரா அனுப்பிய செய்தியில் இடம் ரோபியர் Mile என்று இருந்தது. முப்பத்துநாலு வருடம் இந்த நாட்டில் இருந்த நான் அதை ரோபியரில் ஒரு மைல் என்று வாசித்தேன். ஒரு மைல் என்றால் நம் வீட்டிலிருந்து சுப்பர்மார்க்கெட்டுக்குப் போய் வருகிற தூரம். ஜெபநேசனிடமும் அப்படியே சொல்லி அவரையும் காரில் ஏற்றினேன். அவர் என்னோடு தொழிற்சாலையில் நின்றவர், பெந்தெகொஸ்தே சபைக்காரர், நல்ல மனுஷன். சப்பாத்தைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் பிள்ளை செய்தியில் ஏதோ எழுதியிருந்தாள். ஒரு மைலுக்கு என்னத்துக்கு என்று நான் கலியாண வீட்டுக்குப் போடுகிற தோல் சப்பாத்தைப் போட்டேன். தவமணி புட்டும் கணவாய்க் கறியும் கட்டினாள். குடிக்க ஒரு பிளாஸ்க் தேத்தண்ணீர், அவ்வளவுதான்.

மூன்று மணித்தியால ஓட்டம். போய் இறங்கினால் மரமில்லை, நிழலில்லை, கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல், அன்றைக்கென்று முப்பத்தொரு பாகை வெயில். துஷாரா சப்பாத்தைப் பார்த்தாள், மாற்றுங்கள் என்றாள், தண்ணீர்ப் போத்தல் இரண்டு நீட்டினாள். நான் வேண்டாம் என்றேன். ஏறினால் ஓரடி முன்னுக்கு, அரையடி பின்னுக்கு. என் ரெலிபோன் ஒரு மைல் முடிந்தது என்று காட்டிய இடத்தில் நான் மணலில் குந்திவிட்டேன். பிள்ளை திரும்பி வந்தாள்.

“அப்பா, அது மைல் இல்லை. மீலே. காத்துக்கு நகருற மணல்மேட்டுக்கு டெனிஷிலை பேர் அது. இன்னும் நாலு கிலோமீற்றர் கிடக்கு.”

அந்த மேடு வருடத்துக்குப் பதினைந்து மீற்றர் போல நகர்கிறதாம். அப்படியென்றால் நாங்கள் இதிலேயே இருப்போம், அது கொண்டுபோய் விடும் என்று ஜெபநேசன் சொன்னார். நாற்பது வருடம் வனாந்தரத்தில் நடத்திய மோசேயும் சனங்களுக்கு ஒரு மைல் என்று சொல்லித்தான் வெளிக்கிடுத்தியிருப்பார் என்றும் சொன்னார். தவமணி சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து, காரணம் தெரியாமலே டெனிஷ்காரரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்கள் அடுத்த மேட்டில் ஏறும்போது, நான் ஒருவருக்கும் சொல்லாமல் காருக்குப் போக வெளிக்கிட்டேன்.

அண்ணை, மணலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. இருபது நிமிடம் நடந்து, புறப்பட்ட இடம் போன்ற ஓரிடத்துக்கு வந்தேன், அது அந்த இடமில்லை. வாய் உலர்ந்து, காது இரைந்தது. சரிவில் குந்தியிருந்து, இன்சூரன்ஸ் பத்திரம் அலுமாரியில் எந்த லாச்சிக்குள் கிடக்கிறது என்று தவமணிக்குச் சொல்லாமல் விட்டதை யோசித்தேன். அப்போதுதான் பிள்ளை மேட்டில் தெரிந்தாள். ஓடி வரவில்லை, ஏசவுமில்லை. முழங்காலில் நின்று சப்பாத்தைக் கழற்றி மணலைக் கொட்டினாள், மூடியில் ஊற்றி ஊற்றித் தண்ணீர் தந்தாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன்.

“இந்த மணலிலை குதி வைச்ச சப்பாத்தோடை வந்த ஆள் நீங்கள் ஒராள்தான், அப்பா.”

பிறகு படிவம் எடுத்து எழுதினாள். எட்டிப் பார்த்தேன். ‘பங்கேற்பாளர், ஆண், 71, குழுவை விட்டு விலகினார்.’ அப்பா என்று ஒரு சொல் இல்லை. இதுவா ஒரு பிள்ளைக்கு வேலை? நாளைக்கு யாருடைய தகப்பனோ இப்படி மணலில் விழுந்து கிடந்தால் அந்தப் பழி இவள் தலையில் அல்லவா விழும்? அதுதான் எனக்குப் பயம். பரீட்சை முடிவை இந்தக் கிழமைக்குள் சொல்லுவார்களாம். ஞாயிற்றுக்கிழமையை மறக்கவேண்டாம்.

அண்ணிக்கு எங்கள் வணக்கம். உங்கள் பேரப்பிள்ளைகள் எல்லாரும் நிழலில் இருந்து செய்கிற உத்தியோகம் பார்த்து நீடூழி வாழ ஆண்டவனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
சண்முகலிங்கம்

பி.கு. (புதன் காலை): ஒன்றை எழுதாமல் விட்டேன். கார் நிறுத்துமிடத்தில் அந்த அதிகாரி அம்மா என்னிடம் தனியாக வந்து, சப்பாத்தும் தண்ணீரும் பற்றி வழிகாட்டி உங்களை எச்சரித்தாரா என்று கேட்டார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் பிள்ளை திங்கட்கிழமையே பிராண்டேக்குத் திரும்பியிருப்பாள். அந்தச் சொல் நாக்கில் வந்தும் நின்றது. பிள்ளை இரண்டு தரம் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். இன்று காலை வேலை கிடைத்த செய்தி வந்துவிட்டது. ஆனால் அப்பாவுக்கு விருப்பமில்லையென்றால் யோசிக்கிறேன் என்று பிள்ளை தாயிடம் சொன்னாளாம். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் எடுங்கள். எடுத்து, அந்த வேலையை ஒப்புக்கொள் என்று நல்ல கண்டிப்பாகச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம்.