ரமாஸின் நீண்ட சம்மதம்

வாக்கியம் வளர்ப்போர் என்றொரு இனம் உண்டு, வாசகரே. கோழி வளர்த்தாலாவது முட்டை கிடைக்கும்.

ஜார்ஜியா நாட்டுக் குதாயிசி நகரத்து ரமாஸ் இதில் முதல் தரம். மகள் நாத்தெலா ஓர் ஆங்கிலேயப் பையனை விரும்பியதும், சம்பந்திகளிடம் அவர்கள் பாஷையிலேயே பேசுவேன் என்று மாலை வகுப்பில் சேர்ந்தார். ஆசிரியை ‘மனிதன் குடித்தான்’ என்று கொடுப்பார். சொற்றொடர்களும் துணை வாக்கியங்களும் சேர்த்து அதைப் பெரிதாக்க வேண்டும். மற்றவர்கள் மனிதனுக்கு ஒரு தொப்பியை மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ரமாஸோ, ‘பக்கத்து வீட்டுப் பன்றி தன் சோளத்தைத் தின்றுவிட்டதால் மனம் நொந்த, போன வருஷம் பல் பிடுங்கிக்கொண்ட அந்த மனிதன், மழை விடட்டும் என்று காத்திருந்து, விடாமற் போகவே...’ என்று போய்க்கொண்டே இருப்பார். மனிதனுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஆசிரியை நூற்றுக்கு நூறு போட்டார். குடி கெட்டது.

சம்பந்திகள் பெண் கேட்டு வந்தார்கள். அந்த நாட்டு வழக்கப்படி, விருந்துக்குத் தலைவராக இருப்பவர் வாழ்த்துரையை முடிக்காமல் ஒருவரும் குடிக்கக் கூடாது. கிண்ணத்துக்குப் பதில் மாட்டுக் கொம்பில் ஊற்றிய மது; சாய்ந்துவிடும், கீழே வைக்கவும் முடியாது. தலைவரான ரமாஸ் எழுந்தார். சொல்ல வேண்டியது ‘சம்மதம்’ ஒன்றுதான்.

‘இவள் பிறந்த பனிக்காலத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டி நின்றுவிட்டபோதிலும், அதைத் தள்ளிய என் மைத்துனன், இன்று உயிரோடு இல்லை என்றாலும்...’

பாலாடைக்கட்டி ரொட்டி ஆறிக் கல்லாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா ஹெர்பர்ட் பிடித்திருந்த கொம்பு சரிந்து, மது சட்டைக்குள் ஓடியது. அவர் தன் மனைவி பக்கம் குனிந்தார். “மாட்டேங்கிறாரு போலிருக்கு. கிளம்பிடலாமா?”

நாத்தெலாவின் முகம் வெளுத்தது. ரமாஸின் மனைவி லமாராவுக்குப் பொறுக்கவில்லை. “இந்தா மனுஷா, புள்ளையக் கட்டிக் குடுக்கிறியா, நாடு பிடிக்கக் கிளம்பிட்டியா?”

“விஷயத்துக்குத்தான்டி வந்துட்டிருக்கேன்!”

“அப்பா, ஆமாவா இல்லையா?” என்றாள் நாத்தெலா.

ரமாஸ் வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. “முடிச்சிட்டா நீ போயிடுவியேம்மா.”

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். “சம்மதம்” என்றார். ஹெர்பர்ட் ஒரே மூச்சில் கொம்பைக் காலி செய்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன தடவை மகளை ஊருக்கு அனுப்பும்போது, “சரி, பாத்துப் போ” என்று சொல்லி முடித்த பிறகும், பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணி எடுத்தியா, சார்ஜர் எடுத்தியா, இறங்கினதும் போன் பண்ணுவியா என்று கண்டக்டர் விசில் ஊதும்வரை நீட்டிக்கொண்டிருந்தது யார்? அதுவும் எந்த வகுப்புக்கும் போகாமல்!