மூன்று வாரத்து ரத்தம்

கண்ணாடிக் குழாய்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிணுகிணுத்த அந்தச் சத்தம் ஆபீசர் காதில் இன்றும் இருக்கிறது. ரத்தம் எடுக்க வந்தவரின் தோல்பைக்குள்ளிருந்து வந்த சத்தம். அன்று அதைத் தன் விடுதலையின் மணி என்று நினைத்தார், பாவம்.

ஆபீசர் என்பது பட்டப்பெயர். பத்திரங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். அங்கே அவர் இருமினால் தண்ணீர் வரும். வீட்டில் இருமினால் ஆடுதான் திரும்பிப் பார்க்கும். பின்பக்கக் கொட்டிலில் பதினான்கு ஆடுகள், அத்தனையும் மனைவியுடையவை. பால் வாங்க வருகிறவர்கள் அவருடைய தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஆட்டுக்காரம்மா இல்லீங்களா?" என்பார்கள். ஒருநாள் தபால்காரர், "ஆட்டுக்காரம்மா வீட்டுக்காரரே!" என்று தெருவே கேட்கக் கூப்பிட்டுக் கடிதத்தை நீட்டினார்.

அன்று ஆபீசர் தீர்மானித்தார். இந்த வீட்டில் ஒன்று ஆடு இருக்க வேண்டும், இல்லையென்றால் தான் இருக்க வேண்டும். மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் எதை வைத்துக்கொள்வாள் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்தது.

நல்லவேளையாக அந்த வாரமே காய்ச்சல் வந்தது.

"வீட்டுல ஆடு இருக்கா? சமீபத்துல குட்டி போட்டுச்சா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"போன வாரம்தான் ரெண்டு போட்டுச்சு" என்றாள் மனைவி.

"அப்ப க்யூ காய்ச்சலா இருக்கலாம். ஈனும்போது வர்ற நீர்ல, நஞ்சுக்கொடியில அந்தக் கிருமி இருக்கும். காத்துல கலந்து மூச்சோட உள்ள போயிடும்."

"ரத்தத்தைப் பார்த்தா தெரிஞ்சுடுமா?" ஆபீசர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு தடவை பார்த்தா போதாது. இன்னைக்கு ஒண்ணு, மூணு வாரம் கழிச்சு ஒண்ணு. கிருமியை எதிர்க்க உடம்பு ஒரு பொருளை உண்டாக்கும், எதிர்ப்பொருள்னு பேரு. அது நாலு மடங்கு ஏறியிருந்தா உறுதி."

"உறுதியானா ஆடுங்களை வித்துடணும், இல்லீங்களா?"

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அதை அப்புறம் பேசலாம். அடுத்த தடவை உங்க வீட்டம்மாவுக்கும் எடுக்கணும். கொட்டில்ல நிக்கறது அவங்கதானே?"

காய்ச்சல் மூன்றாம் நாள் அவரை விட்டது. அவர் கட்டிலை விடவில்லை.

"உடம்பு சுடவே இல்லையே, எழுந்து நடங்களேன்."

"இது விட்டு விட்டு வர்ற வகை. உனக்குத் தெரியாது."

"எப்ப வந்துச்சு?"

"நீ கொட்டில்ல இருந்தப்ப."

"நான் வந்ததும் போயிடுதாக்கும்! இந்த வீட்டுல என்னைக் கண்டு பயப்பட அது ஒண்ணாவது இருக்கே."

படுத்துக் கிடந்ததில் ஆபீசர் சிலவற்றைக் கவனித்தார். வாளியோடு போகிறவள் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினாள். விடியும்போது அவள் தலையணை வேர்வையில் நனைந்திருந்தது. மாசக்கணக்காகவே அப்படித்தான். "வயசாகுது" என்று அவள் சொன்னாள். அவரும் ஒப்புக்கொண்டார். அவளுக்கு வயதாவதில் அவருக்கு ஆட்சேபம் இருந்ததில்லை.

மூன்றாவது வாரம் அவருக்குப் பயம் பிடித்தது. வந்தது வெறும் ஜலதோஷம் என்று அவருக்கே தெரியும். நாலு மடங்கு எங்கிருந்து ஏறும்? அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. வருஷக்கணக்காக ஆடுகளுக்குப் பிரசவம் பார்த்தவள் பக்கத்திலேயே இருக்கிறாளே!

ஆபீசரால் எழ முடியவில்லை என்பதால் ரத்தம் எடுப்பவர் வீட்டுக்கே வந்தார். இருவருக்கும் எடுத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, குழாய்களை மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். தண்ணீர் ஊற்ற மனைவியும் போனாள். முப்பத்தாறு வருஷம் பத்திரத்தில் புழங்கிய கை. ஒட்டியதைக் கிழியாமல் உரிக்க அதற்குத் தெரியும். இரண்டு சீட்டும் இடம் மாறின.

இரண்டு வாரம் கழித்து முடிவை வாங்கி வர மனைவிதான் போனாள். திரும்பி வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தாள். பகலில் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

"என்ன சொன்னாங்க?"

"உங்க பேர்லதான் இருக்கு. எக்கச்சக்கமா ஏறியிருக்காம்."

"நான் அப்பவே சொல்லலை? ஆடுங்களை எப்ப அனுப்பறே?"

"எட்டு ஆடு சினை. ஈனட்டும், அப்புறம் பார்க்கலாம். ஆனா எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே. ஒண்ணுமில்லாதவ கொட்டில்ல நின்னா ஒட்டிக்காதா? உங்களுக்கு வந்து போயாச்சு, இனிமே உங்களை அண்டாது. இந்தாங்க, கையுறை. இது முகமூடி. வாளி அங்க இருக்கு."

அவள் உள்ளே போனதும், அவள் கொடுத்த முடிவுத் தாளை ஆபீசர் பிரித்தார். டாக்டரம்மா கையால் கீழே எழுதியிருந்தார்: 'நாள்பட்ட நோய்க்கான எதிர்ப்பொருளே மிக அதிகம். பல மாதத் தொற்றாக இருக்கலாம். இருதயத்தை உடனே பரிசோதிக்க வேண்டும்.'

இரண்டு முறை படித்தார். பெயர் அவருடையது. ரத்தம் அவளுடையது. டாக்டர் கையெழுத்து அவளுக்கு விளங்கியிருக்காது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் புரட்டன் என்று பெயர் வரும், ஆடுகளும் அங்கேயே இருக்கும். எட்டும் ஈனட்டும், ஆடுகள் போகட்டும், அப்புறம் சொல்லலாம். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஏழு வாரம். அவர் செய்தித்தாளை விரித்த நேரம் பார்த்து ஆடுகளுக்கு வலியெடுத்தது. மனைவி சன்னலோரம் உட்கார்ந்து உத்தரவு போட்டாள். "குட்டியைப் பிடிக்கச் சொன்னா பைலைப் பிடிக்கற மாதிரி நுனியில பிடிக்கறீங்களே!" பால் வாங்க வந்தவர்கள் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்து, "ஆட்டுக்காரரே" என்றார்கள். தினமும் அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கொட்டிலுக்குப் போனார்.

எட்டாவது ஆடு ஈன்ற மறுவாரம் அவருக்கு நிஜமாகவே காய்ச்சல் அடித்தது. கட்டில் ஆடியது.

"டாக்டரைக் கூப்பிடும்மா! க்யூ காய்ச்சல்!"

"அதுதான் வந்து போயாச்சே. உங்க ரத்தமே சொல்லுதே."

"அது என் ரத்தம் இல்லைம்மா! உன்னோடது! சீட்டை மாத்தி ஒட்டிட்டேன்!"

அவள் ஈரத்துணியைப் பிழிந்து அவர் நெற்றியில் போட்டாள்.

"தெரியும்."

"தெரியுமா?"

"நான் வாங்கிட்டு வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே முடிவு வந்துடுச்சு. அன்னைக்கே டாக்டரம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. நாள்பட்ட நோயோட எதிர்ப்பொருள் மூணு வாரத்துல இப்படி ஏறாதாம். இது மாசக்கணக்கா நோவு சுமந்த உடம்புன்னாங்க. என்னைக் கூப்பிட்டு மறுபடி எடுத்தாங்க, இருதயத்தையும் படம் பிடிச்சாங்க. நான் மாத்திரை சாப்பிட ஆரம்பிச்ச பிறகுதான் அந்தத் தாளை உங்க கையில குடுத்தேன்."

"அப்ப என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஏழு வாரம் இருந்தேன்."

துணியைத் திருப்பிப் போட்டுவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் செய்யப் போனாள்.

அவருக்கு இரண்டு வார மாத்திரையில் குணமாகிவிட்டது. அவள் ஒன்றரை வருஷம் விடாமல் சாப்பிட்டாள். கிருமி போயிற்று, ஆனால் அது கெடுத்த இருதய வால்வு சரியாகவில்லை. மூன்றாம் வருஷம் இறந்துபோனாள். அப்பா தனக்குக் கொடுத்த அந்த வீட்டுக்கு உயில் எழுதி, அவர் வேலை பார்த்த அலுவலகத்திலேயே முறைப்படி பதிவும் செய்துவிட்டுத்தான் போனாள்: கொட்டிலில் ஆடு உள்ளவரை ஆபீசர் வீட்டில் குடியிருக்கலாம். இப்போது முப்பத்தொரு ஆடு இருக்கிறது.