எல்லாருக்கும் புரிந்துவிட்ட வகுப்பு

உலகத்தில் 'புரிஞ்சுதா வாத்தியார்' என்றொரு இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பலகையை நிரப்பிவிட்டு, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே, "புரிஞ்சுதா?" என்று கேட்டு, யாரும் வாய் திறக்குமுன் "சரி, அடுத்தது" என்று தாவிவிடுகிறவர். கேள்வியும் அவருடையது, பதிலும் அவருடையதே.

அப்படிப்பட்ட இயற்பியல் வாத்தியார் ஒருவருடைய வகுப்புக்குப் புதுக் கருவி வந்து சேர்ந்தது. ஆளுக்கொரு குட்டி ரிமோட். பொத்தானை அமுக்கினால், அமுக்கியவர் யார் என்று தெரியாது, எத்தனை பேர் எந்தப் பதில் என்பது மட்டும் திரையில் விழும். வாத்தியாருக்கு ஒரே குஷி. முதல் கேள்வி போட்டார்: 'பாடம் எப்படி? ஒன்று, புரிந்தது. இரண்டு, நன்றாகப் புரிந்தது.' திரை நிரம்பி வழிந்தது. அதைப் படமெடுத்துப் போய் மனைவியிடம் காட்டினார்.

"எதை அமுக்கினாலும் நீங்கதானே ஜெயிப்பீங்க? நிஜமா ஒரு கேள்வி கேட்டுப் பாருங்களேன்" என்றாள் அவள்.

வாத்தியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் கேட்டார்: டம்ளர் தண்ணீரில் மிதக்கும் ஐஸ் கட்டி கரைந்துவிட்டால் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? மிதப்பதைப் பற்றித்தான் தொண்டை வற்றக் கத்தியிருந்தார். முக்கால்வாசிப் பேர் 'ஏறும்' என்றார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கருவியைத் தட்டினார், ஒயரை ஆட்டினார், பாட்டரியைச் சந்தேகித்தார். கருவிக்கு ஒரு கோளாறும் இல்லை.

"புரிஞ்சுதுன்னு எல்லாரும் தலைய ஆட்டினீங்களே!"

"நீங்க கேட்டீங்க சார், ஆட்டினோம்" என்றாள் முன்பெஞ்சு மாணவி, மிக மரியாதையாக.

அவர் உட்கார்ந்துவிட்டார். "பக்கத்துல இருக்கறவங்களோட பேசிட்டு மறுபடி அமுக்குங்க" என்றார், வேறெதுவும் தோன்றாமல். அவ்வளவுதான், வகுப்பு சந்தைக்கடையாயிற்று. "மிதக்கும்போதே தன் எடைக்கு உண்டான தண்ணிய ஒதுக்கிடுச்சே! கரைஞ்சா அந்த எடத்துலதானே அடங்கும்?" என்று, அதுவரை வாயே திறக்காத ஒருத்தி மேசையைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டாள். மறுபடி அமுக்கினார்கள். 'அப்படியே இருக்கும்' என்ற கோடு திரையின் உச்சிக்கு ஏறியது. தான் வாயை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்த தன் முதல் நல்ல வகுப்பை அவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாகத்தான் இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? மறுநாளும் நிஜக் கேள்வியோடுதான் வகுப்புக்குப் போனார், அது உண்மை. ஆனால் அதற்கு முன், ஆசிரியர் அறையில், மற்றவர்களைப் பேச விடுவதன் அருமையை, கணக்கு வாத்தியாரை ஒரு வார்த்தை பேச விடாமல் இடைவேளை முழுக்க விளக்கினார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் நீங்கள் சொல்வதெல்லாம் எல்லாருக்கும் சரியாகவே படுகிறதா? அப்படியானால் ஒன்று மட்டும் வேண்டிக்கொள்ளுங்கள்: அவர்கள் கைக்கு ஒரு பொத்தான் கிடைத்துவிடக் கூடாது.