ஐந்து பேராக நான் விற்ற அறை

விலை விஷயத்தில் நான் ஒரு ஆள் அல்ல, ஐந்து ஆள். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இப்போது வெட்கமில்லை. (படவேண்டிய வெட்கத்தை அன்றைக்கே மொத்தமாகப் பட்டுத் தீர்த்தாயிற்று.)

எல்லாம் ஒரு பெட்ரோல் பங்கில் ஆரம்பித்தது. குலுக்கல் கூப்பனில் பேரும் போன் நம்பரும் எழுதிப் போட்டேன். மறுவாரமே பரிசு விழுந்திருக்கிறது என்று தூத்துக்குடி ஹோட்டல் ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள். பரிசு ஒரு தோசைக்கல். அதை வாங்கப் போன நான், மூன்று லட்சம் கொடுத்து ஒரு டைம்ஷேரையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அதாவது கொடைக்கானலில் ஒரு விடுதி அறை, வருடத்துக்கு ஒரு வாரம், இருபத்தைந்து வருடத்துக்கு நமக்கு. எங்கள் வீட்டு மாடியில் ஒரு அறை கட்ட வைத்திருந்த பணம் அது. ("அறைதானே, அங்கே இருந்தால் என்ன?" என்று நான் கேட்டதை என் மனைவி செல்வக்கனி இன்னும் மன்னிக்கவில்லை.)

முதல் வருடம் போனோம். ஏழு நாளும் மழை. செல்வக்கனி கம்பளிக்குள் இருந்தபடியே சொன்னாள்: "இத வித்துட்டு நம்ம மாடிய கெட்டுங்க. இல்லன்னா எங்க அப்பாட்ட சொல்லிருவேன்."

அவள் அப்பா விளாத்திகுளத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர். ஒரு கிலோ துவரம்பருப்புக்கு மூன்று இடத்தில் விலை விசாரிக்கிற மனிதர். துறைமுகத்துப் பக்கம் ஆபீசில் வேலை பார்க்கும் இந்த மாப்பிள்ளை பெரிய புத்திசாலி என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அதைக் காப்பாற்ற, கொடைக்கானலுக்கு ஆபீஸ் செலவில் போனதாகச் சொல்லி வைத்திருந்தேன்.

விற்க என்ன விலை சொல்வது? இணையத்தில் ஒரு தளம் அகப்பட்டது. டைம்ஷேரை விற்றவர்கள், என்ன விலைக்கு விற்றோம் என்று தாங்களே அதில் எழுதலாம். யாரும் ரசீது கேட்பதில்லை. எங்கள் விடுதிக்கு ஒரே ஒரு பதிவு இருந்தது: நான்கு லட்சம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று, நானும் மூன்றரை லட்சத்துக்கு விற்றுவிட்டதாக எழுதினேன்.

மறுநாள் பார்த்தால் எவனோ ஐம்பதாயிரத்துக்கு விற்றேன் என்று எழுதியிருக்கிறான். வந்ததே எனக்குக் கோபம்! கயத்தாறுக்காரனாக மாறி இன்னொரு மூன்றரை லட்சம் போட்டேன். அவன் மறுபடியும் ஐம்பதாயிரம். நான் மாப்பிள்ளையூரணிக்காரன் ஆனேன். வேலைவெட்டி இல்லாத பயல் என்று அவனைத் திட்டிக்கொண்டே ஒரு வாரம் அதே வேலையாக இருந்தேன். கடைசியில் சராசரி இரண்டு லட்சத்தில் வந்து நின்றது.

அறையை விற்றுத்தரச் சொல்லியிருந்த புரோக்கர் போன் செய்தார். "சார், விளாத்திகுளத்துல பார்ட்டி ரெடி. சராசரி வெலையே தாராவளாம்."

அப்படியே அப்பாவையும் பார்த்துவிடலாம் என்று செல்வக்கனியும் கிளம்பினாள். புரோக்கர் அனுப்பிய மேப் எங்களை நேராக என் மாமனார் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. மேப்தான் தப்பு என்று நினைத்தேன். உள்ளே புரோக்கர் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்ள! நல்ல நேரத்துல வந்தீய," என்றார் மாமா. மேசையில் இரண்டு லட்சம் ரொக்கம். "கொடைக்கானல்ல ஒரு ரூமு வாங்குதேன். ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

"அண்ணாச்சி, சார்தான் விக்குதவரே," என்றார் புரோக்கர்.

மாமா ஒரு நிமிடம் விழித்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. "மாப்ள பொருளா? அப்ப வெலையப் பத்திக் கவலையே இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் நீட்டிய பேனாவை வாங்கினேன். (ஆமாம், வாங்கினேன்.)

இதற்குள் செல்வக்கனி அப்பாவின் போனில் அந்தத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அஞ்சு பேரு மூணரைக்கு வித்திருக்காவப்பா. ஏன் வித்தாவன்னும் எழுதியிருக்கு. 'மனைவிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை.' 'மனைவிக்கு ரசனை போதாது.' 'மனைவி தொல்லை.'" போனைக் கீழே வைத்தாள். "இந்த அஞ்சு பேருக்கும் ஒரே பொண்டாட்டிதாம்ப்பா. அது நான்தான்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "மாமா, அந்த வெலையெல்லாம் நான் போட்டது. பணத்த எடுத்து உள்ள வைங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா அந்த அம்பதாயிரத்துக்காரன் மட்டும் என் கையில கெடச்சான்னா..."

மாமா காதைச் சொறிந்தார். "அது நான்தான் மாப்ள. வாங்குதவன் வெலைய இறக்கத்தான பாப்பான்?"

மூன்று பேரும் சேர்ந்து எண்ணினோம். மொத்தப் பதிவுகள் பன்னிரண்டு. என்னுடையவை ஐந்து, மாமாவுடையவை ஆறு. மீதி, முதலில் இருந்த அந்த நான்கு லட்சம். மெல்லத் திரும்பிப் புரோக்கரைப் பார்த்தோம். "ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்" என்று எழுந்து போனவர்தான், இன்னும் வரவில்லை.

அறை விற்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் சொல்லும் எந்த விலையும் தனியாகச் செல்லாது. போன ஞாயிற்றுக்கிழமை சீலா மீன் வாங்கி வந்தேன். கிலோ என்ன விலை என்று கேட்டாள் செல்வக்கனி. "அறுநூறு," என்றேன். உடனே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, சீலா அறுநூறுங்காவ."

"அப்படியா? அப்ப நான் ஒரு ஆயிரம் போடுதேன். ஏளா, சராசரி எண்ணூறுன்னு வச்சுக்க."

செல்வக்கனி என்னைப் பார்த்தாள். நான் மீன் பையைப் பார்த்தேன். கொடுத்தது எண்ணூறுதான்.