ராத்தா கல்யாணத்துக்கு வர மறுத்த காரணம்

அன்புள்ள மச்சான் அன்ஸாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். திருகோணமலையில் நாங்கள் சுகம். மூதூரில் நீங்களும் சுகமாயிருக்க துஆ. சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, இவ்வளவு நாளும் அப்படி இருக்கவில்லை.

உங்கள் மகள் லைலாவின் கல்யாணத்துக்கு வர ஏலாது என்று உங்கள் கூடப்பிறந்த ராத்தா, என் மனிசி ரபீக்கா சொன்னதில் மனம் நொந்து, நீங்கள் எங்களோடு கதைப்பதில்லை. அவவுக்கு உங்கள் மேல் கோபம் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு பார்த்தால், தொழுகை நடுவில் ஒரு இருமல் வந்தாலும் எழும்பிப் போய்த் திரும்பக் கைகால் கழுவி வுழூ எடுக்கிறா, தும்மினாலும் அப்படியே. மனிசிக்கு மார்க்கப் பேணுதல் கூடிவிட்டது என்று பள்ளிவாசலில் பெருமையாகவும் சொல்லிவிட்டேன். என் பகிடிக்கும் சிரிக்கிறதில்லை. கடைசியில் அழுதுகொண்டு சொன்னா: "இருமினா, சிரிச்சா தன்னால சலம் போகுது. சபையில நான் எப்பிடி இருக்கிற?" மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மருந்து தராமல் உடற்பயிற்சி சொல்லித்தருகிற நிரோஜினி என்ற பிசியோவிடம் அனுப்பினார். பிள்ளை பெற்ற உடம்பில் இடுப்புக்கு அடியில் தாங்குகிற தசை தளர்ந்துவிடுமாம். கீழ்க்காற்றை வெளியே விடாமல் அடக்குவது போல உள்ளே இறுக்கி, மேலே தூக்கி, கொஞ்சம் பிடித்து, பிறகு முழுதாகத் தளர்த்த வேண்டுமாம். மூச்சை மட்டும் அடக்கக் கூடாதாம். மாதக்கணக்கில் பழகினால் சரிவருமாம். வீட்டில் பார்த்தால் கதிரையில் சும்மா இருக்கிறா. கேட்டால், செய்துகொண்டுதான் இருக்கிறேன் என்கிறா. ஒன்றுமே அசையாத உடற்பயிற்சியை நான் எங்கே கண்டேன்? துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவனுக்குத் தூக்குவதும் இறக்குவதும் தெரியாதா என்று, முன்னால் நின்று கிரேனுக்குக் காட்டுவது போலக் கையால் சைகை காட்டத் தொடங்கினேன். விரலைச் சுழற்றினால் தூக்கு, கையைப் பொத்தினால் பிடி. மூச்சு விடுவதற்குச் சைகை இல்லாததால் அதை மட்டும் வாயால் கத்தினேன். கொஞ்ச மாதம் முறைத்துக்கொண்டே செய்தா. நேற்று இறக்குவதற்கு நான் குனிந்ததில் இடுப்பில் கட்டியிருந்த சாரம் வழுகிவிட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. நான் குளியலறைக்கு வழி விட்டு விலகி நின்றேன். அவ எழும்பவில்லை.

"ஒண்டும் போகல்லயே," என்றா. மறுபடி சிரித்துவிட்டு, "லைலாட கல்யாணத்துக்குப் போவம்," என்றா.

ஆகவே கோபத்தை விடுங்கள், இருவரும் வருகிறோம். மணமக்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
மச்சான் அபூதாஹிர்

பி.கு.: இருவரும் என்று மேலே வெட்கத்தில் எழுதிவிட்டேன், ராத்தா மட்டும்தான் வருவா. நேற்று அவவோடு சேர்ந்து நானும் சிரித்ததில் சாரம் மாற்றவேண்டியதாகிவிட்டது. ஆம்பிளைகளுக்கும் அந்தத் தசை இருக்கிறதாம், அதுவும் தளருமாம். இப்போது கதிரையில் சும்மா இருப்பது நான். முன்னால் நின்று விரலைச் சுழற்றுவது உங்கள் ராத்தா.